திரையில் அழிந்த உலகங்கள்

1910 ஆம் ஆண்டு மே மாதம் 18 ஆந் திகதி இரவு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல இல்லங்களிற் சாவித் துவாரங்கள் காகிதத்தாலும் கந்தைத் துணியாலும் அடைக்கப்பட்டன. ஹலியின் வால்வெள்ளி அவ்விரவிற் சூரியனுக்கும் பூமிக்கும் இடையே கடந்து செல்லும் என்றும், அதன் நீண்ட வாலினுட் பூமி புகுந்து வெளிப்படும் என்றும் வானியலறிஞர் முன்னரே கணித்திருந்தனர். அவ்வாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிலுள்ள யேர்க்ஸ் வானாய்வு நிலையத்தார் வால்வெள்ளியின் ஒளியைப் பகுத்து நோக்கி, அதிற் சயனோஜன் என்னும் நச்சுவாயு இருப்பதைக் கண்டறிந்தனர். அவ்வாயு வளிமண்டலத்திற் கலந்து உயிரனைத்தையும் மாய்த்துவிடக்கூடும் எனப் பிரெஞ்சு வானியலறிஞர் கமீல் பிளமாரியன் கூறியதாகப் பத்திரிகைகள் எழுதின. வால்வெள்ளியின் நஞ்சை முறிக்கும் குளிகைகள் எனச் சில விற்பனைக்கும் வந்தன.

பொழுது விடிந்தது, ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை. நேரவும் முடியாது. வால்வெள்ளியின் வால் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தோன்றினாலும், ஆய்வுகூடத்தில் மனிதன் உண்டாக்கும் வெற்றிடத்திலும் பார்க்க ஐதானது. அதனைக் கடந்து செல்லும் பூமி, புகைபடிந்த அறையொன்றைக் கடந்து செல்பவன் உணரும் அளவுகூட எதையும் உணராது.

அன்றைய அச்சம் அத்துடன் அடங்கிவிடவில்லை. ஆறாண்டுகளின் பின் அது திரையில் ஏறியது. 1916 ஆம் ஆண்டில், டென்மார்க் நாட்டின் நோர்டிஸ்க் படக்கம்பனி ‘உலகின் முடிவு’ என்னும் மௌனப்படத்தை வெளியிட்டது. நெறிப்படுத்தியவர் ஓகஸ்ட் புளோம். வால்வெள்ளியொன்று பூமியை நெருங்குகிறது. அச்செய்தியை வைத்துப் பங்குச்சந்தையிற் பொருளீட்டும் சுரங்க முதலாளி, இறுதி இரவில் விருந்து வைக்கிறான். வெளியே தொழிலாளர் கொதித்தெழுகின்றனர். வானிலிருந்து தீப்பொறி மழை கொட்டுகிறது. கடல் ஊருட் புகுகிறது. ஐரோப்பா முதலாம் உலகப் போரில் வெந்துகொண்டிருந்த காலம் அது. தீப்பற்றியெரியும் கூரைகளைக் கண்ட மக்களுக்கு அது வெறுங் கற்பனையாகத் தோன்றியிராது.

விஞ்ஞானத்தை அளவுகோலாகக் கொண்டால் அப்படத்தில் ஒன்றேனும் தேறாது. வால்வெள்ளியின் உட்கரு பல கிலோமீற்றர் அகலமுள்ள பனியும் தூசியும் செறிந்த திணிவு என்ற கருத்தை பிரெட் விப்பிள் என்னும் அமெரிக்க அறிஞர் வெளியிட்டது 1950 ஆம் ஆண்டிலேயேயாகும். 1916 இல் அதை அறிந்திருக்க எவராலும் இயலாது. ஆதலின் புளோமின் பிழை அவர் காலத்தின் பிழை. அறியாமையாற் பிறந்த பிழை வேறு. அறிந்துகொண்டே செய்யும் பிழை வேறு. உலக அழிவைக் காட்டும் படங்களின் வரலாற்றை நோக்குமிடத்து, முன்னது குறையக் குறையப் பின்னது பெருகி வந்திருப்பதைக் காணலாம். அவற்றுட் பெரும்பாலான பிழைகள் சிரித்துவிட்டு மறக்கத்தக்கவை. விண்வெளியில் ஓசை கேட்பதும், காற்றில்லாத இடத்திற் சுவாலை எழுவதும் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. ஒரு பிழை மட்டும் அத்தகையதன்று. அது காலத்தைப் பற்றிய பிழை: ஆபத்து எப்பொழுது தெரியவருகிறது, எந்த ஒழுங்கில் வந்து சேர்கிறது, அதனை விலக்க எவ்வளவு காலம் பிடிக்கிறது என்பவை பற்றிய பிழை.

பிளமாரியன் 1894 இல் எழுதிய நாவலைத் தழுவி ஏபல் கான்ஸ் 1931 இல் பிரான்சில் ஒரு பேசும்படம் எடுத்தார். அது வெற்றி பெறவில்லை. இருபதாண்டுகளின் பின் வெளிவந்த ‘உலகங்கள் மோதும்போது’ என்னும் ஹொலிவூட் வர்ணப்படமே இவ்வகைக்கு ஓர் அச்சாக அமைந்தது. 1951 ஆம் ஆண்டில் அதனைத் தயாரித்தவர் ஜோர்ஜ் பால். பெல்லஸ் என்னும் விண்மீன் பூமியை நோக்கி வருகிறது; அதனைச் சுற்றும் சைரா என்னுங் கோளும் உடன் வருகிறது. எஞ்சிய சில மாதங்களுள் ஒரு விண்கப்பல் கட்டப்பட்டு, சீட்டிழுத்துத் தெரிந்தெடுத்த சிலர் அதிலேறிச் சைராவை அடைகின்றனர். கதவைத் திறந்து அங்குள்ள காற்றைச் சுவாசித்தபடி இறங்குகின்றனர். கண்முன் விரியும் புதிய நிலம் ஓர் ஓவியத்திரை என்பது பார்ப்போருக்கு உடனே புலப்பட்டுவிடும். எனினும் நியூயோர்க் நகரத்தை வெள்ளம் மூடுங் காட்சிக்காக அப்படத்தின் தந்திரக் காட்சிகளுக்கு ஒஸ்கார் பரிசு கிடைத்தது.

இங்கே காலக்கணக்கைச் சற்று நோக்கலாம். சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் நான்கு ஒளியாண்டுகளுக்கும் அப்பால் உள்ளது. செக்கனுக்கு 100 கிலோமீற்றர் என்னும் பெருவேகத்தில் ஒரு விண்மீன் வந்தாலும், ஓர் ஒளியாண்டைக் கடக்க அதற்கு ஏறத்தாழ 3,000 ஆண்டுகள் வேண்டும். ஒளி வீசும் ஒரு விண்மீன் அத்துணைக் காலமும் இரவு வானில் வரவரப் பெருகிக்கொண்டே இருக்கும். அதனைத் தொலைகாட்டியில் திடீரெனக் கண்டுபிடிக்க ஒருவர் தேவையில்லை; பாட்டனின் பாட்டனும் அதனை அறிந்திருப்பான். சைராவோ, விண்மீன்களுக்கிடையே உள்ள இருளில் உறையாமல், பசும்புல்லோடு வந்து சேர்ந்தது எவ்வாறு என்பதைப் படம் சொல்வதில்லை.

1961 இல் பிரித்தானியாவில் வால் கெஸ்ட் எடுத்த ‘பூமி தீப்பற்றிய நாள்’ வேறு வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவும் சோவியத் நாடும் ஒரே வேளையில் அணுக்குண்டுகளை வெடிக்க, பூமியின் அச்சுச் சாய்ந்து, அது சூரியனை நோக்கி நகரத் தொடங்குகிறது என்பது கதை. மனிதன் செய்த குண்டுகளுக்குப் பூமியை அசைக்கும் வலு இல்லை. 2004 ஆம் ஆண்டில் சுமாத்திராவின் கடலடியில் நேர்ந்த மாபெரும் நிலநடுக்கம் ஒரு நாளின் நீளத்தை ஒரு செக்கனின் பத்திலட்சத்தில் மூன்று பங்கிலும் குறைவாகவே சுருக்கியிருக்கும் என விஞ்ஞானிகள் கணித்தனர் என்றால், குண்டுகளின் நிலை சொல்லவேண்டியதில்லை. ஆயினும் இப்படத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இதன் பெரும்பகுதி இலண்டன் பத்திரிகை அலுவலகமொன்றில் நிகழ்கிறது. அப்பத்திரிகையின் ஆசிரியராக நடித்தவர் ‘டெயிலி எக்ஸ்பிரஸ்’ பத்திரிகையின் ஆசிரியராக உண்மையிலேயே பல்லாண்டு கடமையாற்றிய ஆதர் கிறிஸ்ரியன்சன். செய்தி துளித்துளியாகக் கசிவதும், அரசாங்கம் மறுப்பதும், தண்ணீர் பங்கீட்டுக்கு வருவதும் மிக இயல்பாகக் காட்டப்பட்டுள்ளன. பௌதிகத்திற் பொய்யான இப்படம், ஆபத்து மெல்ல மெல்லத் தெரியவரும் முறையில் உண்மையானது. பின்வந்த பெரும்படங்கள் பலவற்றில் இப்பண்பைக் காணவில்லை.

1967 இல் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் ஒரு வகுப்பு மாணவருக்கு விசித்திரமான பயிற்சியொன்று தரப்பட்டது. இக்காரஸ் என்னுஞ் சிறுகோள் அடுத்த ஆண்டு பூமியைக் கடந்து செல்ல இருந்தது. அது கடந்து செல்லாமற் பூமியில் மோதுவதாக வைத்துக்கொண்டு, அதனைத் தடுக்கும் வழி காணுமாறு பேராசிரியர் பணித்தார். மாணவர் வகுத்த திட்டம் இது: ஆறு சற்றேண் ரொக்கெட்டுகள், ஒவ்வொன்றிலும் 100 மெகாதொன் வலுவுள்ள அணுக்குண்டு, ஒவ்வொன்றும் புறப்படவேண்டிய நாள், எங்கே இக்காரஸைச் சந்திக்கவேண்டும் என்ற கணக்கு. அவ்வறிக்கை நூலாக வெளிவந்தது. அதிலிருந்து தூண்டுதல் பெற்றதாகக் கூறப்படும் ‘விண்கல்’ என்ற ஹொலிவூட் படம் 1979 இல் வெளிவந்து தோல்வி கண்டது. மாணவரின் குண்டுகளைப் படம் எடுத்துக்கொண்டது. அவர்களுடைய நாட்குறிப்பை எடுத்துக்கொள்ளவில்லை.

இதுவரையில் வானிலிருந்து அழிவு வரும் என்பது அறிஞர் பலருக்கும் கதையாகவே இருந்தது. 1980 ஆம் ஆண்டில் லூயிஸ் அல்வரெஸ், அவர் மகன் வோல்டர் அல்வரெஸ் ஆகியோரும் அவர்தம் துணைவரும் இத்தாலியின் கூபியோ என்னுமிடத்துக் களிமண் படையில் இரிடியம் என்னும் அரிய உலோகம் மிகுந்திருப்பதைக் காட்டி, டைனோசர்கள் மறைந்த காலத்திற் பெரிய சிறுகோளொன்று பூமியில் மோதியிருக்கவேண்டும் என்றனர். 1991 இல் மெக்சிக்கோவின் யுக்கற்றான் கரையில், நிலத்தடியிற் புதைந்து கிடந்த ஏறத்தாழ 180 கிலோமீற்றர் அகலமுள்ள பெருங்குழி அம்மோதலின் வடு என இனங்காணப்பட்டது. 1994 ஜூலையிற் ஷூமேக்கர்–லெவி என்னும் வால்வெள்ளி இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக உடைந்து வியாழனில் விழுந்தபோது, அக்கோளின் முகிற் படலத்திற் பூமியிலும் பெரிய கரிய வடுக்கள் தோன்றின. உலகெங்குமுள்ள தொலைகாட்டிகள் அதைக் கண்டன. அதன்பின் எவரும் சிரிக்கவில்லை.

இவ்வறிவு பரவுமுன்னரே அதனைக் கதையில் வைத்தவர் கொழும்பில் வாழ்ந்தார். ஆர்தர் கிளார்க் 1956 இல் இலங்கைக்கு வந்து, 2008 இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். 1973 இல் வெளிவந்த ‘ராமாவுடன் சந்திப்பு’ என்ற நாவலின் முதற் பக்கங்களில், 2077 ஆம் ஆண்டு வட இத்தாலியில் விண்கல்லொன்று விழுந்து நகரங்கள் அழிகின்றன. அதன்பின் மனிதர் வானைக் காவல் செய்ய ஓர் ஏற்பாட்டை நிறுவுகின்றனர். அதற்குக் கிளார்க் இட்ட பெயர் ‘ஸ்பேஸ்கார்ட்’, அதாவது விண்காவல். அமெரிக்கக் காங்கிரசின் வேண்டுகோளின்படி, பூமியை அணுகும் சிறுகோள்களைத் தேடும் முறைபற்றி நாசா நிறுவனம் 1992 இல் அறிக்கை வெளியிட்டபோது, அப்பெயரையே அதற்கு வைத்தது. 1993 இல் அவர் எழுதிய ‘கடவுளின் சம்மட்டி’ என்ற நாவலிற் காளி எனப் பெயரிட்ட சிறுகோளொன்று வருகிறது. அதன்மீது உந்துபொறியொன்றை நிறுத்தி, நெடுநாட் தள்ளித் தள்ளி அதன் பாதையை மாற்ற முயல்கின்றனர். இந்நாவலைப் படமாக்கும் உரிமையை ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் பெற்றிருந்தார். 1998 மே மாதத்தில் அவருடைய கம்பனி பங்குகொண்டு வெளியிட்ட ‘ஆழ்ந்த மோதல்’ என்ற படத்திற் கிளார்க்கின் பெயர் இடம்பெறவில்லை. உந்துபொறியும் இடம்பெறவில்லை, அதனிடத்தில் அணுக்குண்டுகள் இருந்தன.

‘ஆழ்ந்த மோதல்’ தன் இனத்திற் கண்ணியமான படம் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். வியாழனில் விழுந்த வால்வெள்ளியைக் கண்டுபிடித்த ஷூமேக்கர் தம்பதியரே அதற்கு ஆலோசகராயிருந்தனர். வால்வெள்ளியின் மேற்பரப்பில் வாயு பீறிட்டெழும் காட்சிகளில் அவ்வறிவின் சாயல் உண்டு. ஆனால் கதை தொடங்கும் விதத்தை நோக்குக. பள்ளிச் சிறுவன் ஒருவன் வால்வெள்ளியைக் காண்கிறான். வானியலறிஞர் ஒருவர் தனியே அமர்ந்து, அது பூமியில் மோதும் எனச் சில நிமிடங்களிற் கணித்துவிடுகிறார். அச்செய்தியை எடுத்துக்கொண்டு மோட்டாரில் விரைந்து, வழியில் விபத்தில் இறக்கிறார். பின்னர் அரசாங்கம் அதனை ஓராண்டு மறைத்து வைக்கிறது.

உண்மை நடைமுறை எவ்வாறிருக்கும் என்பதை, அப்படம் வெளிவருவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் நிகழ்ந்த ஒன்றே காட்டியது. 1998 மார்ச் 11 ஆந் திகதி, மசச்சூசெற்ஸிலுள்ள சிறுகோள் மையம் ஒரு சிறுகோளைப்பற்றி அறிவித்தது. அது 2028 இற் பூமிக்கு மிக அண்மையில் வரும் என்றும், மோதும் வாய்ப்பை முற்றாக மறுக்க முடியாது என்றும் அவ்வறிவிப்புக் கூறியது. உலகப் பத்திரிகைகள் தலையங்கமிட்டன. மறுநாள், 1990 இல் எடுத்த பழைய ஒளிப்படங்களில் அதே சிறுகோள் தற்செயலாகப் பதிந்திருப்பது கண்டறியப்பட்டது. புதிய கணக்கின்படி அது ஏறத்தாழ ஒன்பதரை இலட்சம் கிலோமீற்றர் தொலைவிற் கடந்து செல்லும். ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. ஒருவர் கணிப்பதில்லை, பலர் கணிக்கின்றனர். ஒரு முறை கணிப்பதில்லை, மீண்டும் மீண்டும் கணிக்கின்றனர். மறைப்பதற்கு இடமேயில்லை, ஏனெனில் வானம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. 2024 ஆம் ஆண்டின் இறுதியிற் கண்ட வேறொரு சிறுகோள் 2032 இற் பூமியில் மோதும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று வரை ஏறி, 2025 பெப்ரவரிக்குள் ஏறக்குறையச் சுழியமாக இறங்கியதும் இவ்வழியிலேயே. படங்களில் இத்தகைய ஐயநிலைக்கு இடமில்லை. அங்கே மோதும் என்பது முதல் நாளிலேயே உறுதி.

1998 ஜூலையில் வந்த ‘ஆர்மகெடோன்’ இப்படங்கள் எல்லாவற்றையும் விஞ்சியது. வசூலிலும் விஞ்சியது, பிழையிலும் விஞ்சியது. ரெக்சாஸ் மாநிலத்தளவு பெரிய சிறுகோள் ஒன்று பூமியை நோக்கி வருவது 18 நாட்களுக்கு முன்னரே தெரியவருகிறது. ரெக்சாஸ் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் அகலமுடையது. சிறுகோள்களுள் மிகப் பெரிதெனப்படும் சீறீஸ் 1,000 கிலோமீற்றரும் இல்லை. அந்தச் சீறீஸை, பியாற்சி என்னும் பாதிரியார் சிசிலித் தீவிலிருந்து 1801 ஜனவரி முதலாந் திகதி இரவு, இன்றைய நோக்கிற் சிறியதான ஒரு தொலைகாட்டியாற் கண்டுபிடித்தார். மின்விளக்கும் இல்லாத அக்காலத்திற் சிசிலிப் பாதிரியார் கண்டதிலும் பெரிய ஒன்றை, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகம் முழுவதும் காணத் தவறிவிட்டது எனப் படம் நம்பச் சொல்கிறது.

அதனைத் தகர்க்க அனுப்பப்படுவோர் எண்ணெய்க் கிணறு தோண்டுவோர். அவர்கள் 800 அடி துளைத்து, குண்டை உள்ளிறக்கி, சிறுகோளை இருபிளவாக்குகின்றனர். 800 அடி என்பது ஏறத்தாழ 240 மீற்றர். சிறுகோளின் அகலத்தில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மாம்பழத்தில் அதே விகிதத்தில் ஊசி ஏற்றினால் அது தோலைக்கூடத் தாண்டாது. லெஸ்ரர் பல்கலைக்கழகத்துப் பௌதிக மாணவர் சிலர் இதனைக் கணக்கிட்டுப் பார்த்தனர்: மனிதன் இதுவரை வெடித்த மிகப் பெரிய குண்டிலும் நூறு கோடி மடங்குக்கு மேல் வலுவுள்ள குண்டு அதற்கு வேண்டும் என்பது அவர்கள் கண்ட விடை.

இரு படங்களுக்கும் பொதுவான பிழையொன்று உண்டு. அது இத்தனை வெளிப்படையாகத் தெரிவதில்லை. வரும் பொருளைக் கடைசி மணிகளில் உடைத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்பதே அது. ‘ஆழ்ந்த மோதல்’ படத்தின் முடிவிற் பெரிய துண்டு பொடிப்பொடியாகி, வாணவேடிக்கைபோல் வானில் எரிந்து மறைகிறது. ஆனால் கல் பொடியானதும் அதன் நிறையும் வேகமும் எங்கும் போய்விடவில்லை. அத்தனை பொடியும் பூமியை நோக்கியே வருகிறது. அத்தனை சக்தியும் வளிமண்டலத்தில் வெப்பமாகவே மாறவேண்டும். ஒரு மூடை கல்லைத் தலையிற் போடுவதற்குப் பதிலாக அதே நிறை மணலைக் கொட்டினாற் சுமை குறைந்துவிடாது. உடைத்தல் பயன்தருவதாயின் வெகுகாலம் முன்னரே உடைத்து, துண்டுகள் விலகிச் செல்ல இடங்கொடுக்கவேண்டும். மீண்டும் காலத்தின் கணக்கே வந்து நிற்கிறது.

‘ஆழ்ந்த மோதல்’ விட்டுச்சென்ற காட்சிகளுள் மக்கள் மனத்தில் நிலைத்தது அதன் பேரலை. வானளாவிய நீர்ச்சுவர் ஒன்று சுருண்டெழுந்து நகரத்தின்மீது ஒரே அடியாக விழுகிறது. அத்துடன் எல்லாம் முடிகிறது. இது அத்திலாந்திக்கில் வால்வெள்ளித் துண்டு விழுவதாற் பிறக்கும் அலை. அது பிறந்த வகை வேறாயினும், கடல் பொங்கி வருதல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற உரு உலகெங்கும் பரவிவிட்டது.

2004 டிசெம்பர் 26 ஆந் திகதி காலை முல்லைத்தீவு, கல்முனை முதற் காலி வரை இலங்கைக் கரைகளை அடைந்த ஆழிப்பேரலை அவ்வுருவத்தில் வரவில்லை. ஆழ்கடலில் அதன் உயரம் ஒரு மீற்றரும் இல்லை. செய்மதியொன்று அதனை அளந்துள்ளது. அதன் மேலாகச் சென்ற படகில் இருந்தோர் அதனை உணர்ந்திருக்கமாட்டார்கள். சுமாத்திராவிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இங்கு வந்து, பல இடங்களில் நிற்காமல் ஏறும் வெள்ளமாகவே நிலத்துட் புகுந்தது. பின்னர்க் கடல் வெகுதூரம் உள்வாங்கியது. வெளிப்பட்ட கடற்றரையைக் காண மக்கள் இறங்கிச் சென்ற இடங்களும் உண்டு. 1883 ஆகஸ்டிற் கரகட்டோவா எரிமலை வெடித்தபோது காலித் துறையிலும் கடல் இவ்வாறே வற்றியது. அந்நினைவு நூற்றாண்டிற்கு மேல் கடந்துபோய் மறைந்துவிட்டது. காலிக்கு அருகே பெரலியவிற் கொழும்பிலிருந்து சென்ற புகைவண்டியை முதலலை நிறுத்தியது. நீர் தணிந்தபோது ஊர் மக்கள் பலர், அசையாப் பொருள் என நம்பி அவ்வண்டியினுள்ளும் அதன் கூரையிலும் ஏறினர். சற்றுப் பின்னர் இரண்டாம் அலை வந்தது. அது முதலலையிலும் பெரிது. அவ்வோரிடத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கை முழுவதிலும் 30,000 இற்கும் மேற்பட்டோர்.

அம்மக்களின் சாவுக்குப் படம் காரணம் என்று எவரும் சொல்லமுடியாது. எச்சரிக்கை செய்யும் ஏற்பாடு இந்து சமுத்திரத்தில் இல்லாமையே காரணம். ஆயினும் பெரும் பணஞ் செலவிட்டு உலகமெங்குங் காட்டிய படங்கள், அலை ஒன்றல்ல பல என்ற ஒரு செய்தியை ஓர் உரையாடலிற் சொல்லியிருக்கலாம். தமிழில் கடல்கோள் என்ற சொல் பண்டுதொட்டு இருந்தது. அது வரும் முறை மட்டும் எவருக்கும் கற்பிக்கப்படவில்லை.

வானிலிருந்து வரும் அடியும் இவ்வாறே இரண்டு முறையாக வருவதை 2013 பெப்ரவரி 15 இல் ருஷ்யாவின் செலியாபின்ஸ்க் நகரம் கண்டது. ஏறத்தாழ 20 மீற்றர் அகலமுள்ள சிறுகோளொன்று, சூரியன் இருக்குந் திசையிலிருந்து வந்தமையால் எந்தத் தொலைகாட்டிக்கும் அகப்படாமல், காலைவேளையில் வளிமண்டலத்துட் புகுந்து வெடித்தது. கண்ணைப் பறிக்கும் ஒளி முதலில் வந்தது. ஓசை இல்லை. மக்கள் என்னவென்று காணச் சன்னல்களுக்கு ஓடினர். அதிர்ச்சியலை ஒளிக்குப் பின்தங்கி, இரண்டு நிமிடங்களுக்கு மேற் கழிந்தே நகரத்தை அடைந்தது, கண்ணாடிகள் நொறுங்கின. ஏறத்தாழ 1,500 பேர் காயத்துக்கு மருத்துவ உதவி நாடினர். கண்ணாடித் துண்டுகளே பெரும்பாலும் காரணம். ஒரு பள்ளியில் ஆசிரியை ஒருத்தி ஒளியைக் கண்டதும், அது என்னவென்று அறியாமலே, 44 பிள்ளைகளை மேசைகளின் கீழ்ப் பதுங்கச் செய்தார். சன்னல் சிதறி அவரைக் காயப்படுத்தியது. பிள்ளைகள் ஒருவருக்கும் காயமில்லை. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணிப் பார்ப்பது உலகமெங்குஞ் சிறுவர் விளையாட்டு. வெடிப்பும் ஓசையும் ஒரே கணத்தில் வரும் உலகம் திரையில் மட்டுமே உண்டு.

பொய் அச்சமும் ஒரு தீங்கே. 2009 இற் றொலன்ட் எமெரிச் எடுத்த ‘2012’ என்ற படத்தில், சூரியனிலிருந்து வரும் நியூத்திரினோக்கள் பூமியின் உள்ளகத்தைச் சூடாக்கி நிலத்தைப் பிளக்கின்றன. அத்துகள்கள் ஒவ்வொரு செக்கனும் ஒரு கைவிரல் நகத்தளவு இடத்தினூடாகப் பல்லாயிரங் கோடியாகச் செல்கின்றன. எதனையும் தொடுவதில்லை என்றே சொல்லலாம். படத்தை விளம்பரப்படுத்த, மனிதகுலத்தைக் காக்கும் ஆராய்ச்சி நிலையம் போன்ற பொய்ப் பக்கமொன்று கணினி வலையில் ஏற்றப்பட்டது. அதைப் பலர் மெய்யென நம்பினர். வதந்திகளுக்கு விடையளிக்கும் பணியை மேற்கொண்டிருந்த நாசா வானியலறிஞர் டேவிட் மொறிசன் ஆயிரக்கணக்கான வினாக்களைப் பெற்றார். உலகம் முடியுமுன் தம் உயிரை முடித்துக்கொள்ள எண்ணிய இளைஞரின் கடிதங்களும் அவற்றுள் இருந்தன. 1910 இன் குளிகை வியாபாரிகளை எண்ணிச் சிரிக்க இக்காலத்தவருக்கு அத்துணை உரிமை இல்லை.

2021 இல் வெளிவந்த ‘மேலே பாராதே’ என்னும் படம் இவ்வரிசையில் எதிர்பாராத திருப்பம். அதிலும் வால்வெள்ளி வருகிறது. மோதுவதற்கு ஆறு மாதங்களே உள்ளன. இக்கணக்கைக் குறைகூற முடியாது. சூரியனைச் சுற்றும் சிறுகோள்கள் மீண்டும் மீண்டும் வருவதால் முற்கூட்டியே காணக்கூடியவை. நெடுந்தொலைவிலிருந்து முதன்முறை வரும் வால்வெள்ளியோ அவ்வாறன்று. 2020 மார்ச் இறுதியிற் கண்டுபிடிக்கப்பட்ட நியோவைஸ் வால்வெள்ளி, ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் அகலமுடையது, அவ்வாண்டு ஜூலையில் வெறுங்கண்ணுக்குத் தெரியும்படி கடந்து சென்றுவிட்டது. அதைக் கண்ட விண்கலத் திட்டத்தின் தலைவராயிருந்த ஏமி மெயின்சரே இப்படத்தின் விஞ்ஞான ஆலோசகர். அப்படத்தைக் கண்டவர்கள், நம்பமுடியாதவை அதன் அரசியல்வாதிகளின் செயல்களே என்றனர். அதுவும் ஐயத்துக்குரியது.

திரையில் என்றுமே இடம்பெறாத மெல்லிய வழி 2022 செப்ரெம்பர் 26 ஆந் திகதி கையாளப்பட்டது. பூமியிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் கிலோமீற்றர் தொலைவில், டிடிமோஸ் என்னுஞ் சிறுகோளைச் சுற்றிவரும் டைமோர்போஸ் என்ற சிறுதுணையின்மீது, நாசா அனுப்பிய டார்ட் என்னும் விண்கலம் வேண்டுமென்றே மோதியது. அதனாற் பூமிக்கு ஆபத்து எதுவும் இருக்கவில்லை. இது ஒரு பரீட்சை. கலத்தின் நிறை 600 கிலோகிராமுக்கும் குறைவு. குண்டு ஏதும் இல்லை. வேகம் செக்கனுக்கு ஆறு கிலோமீற்றர். மோதுமுன் டைமோர்போஸ் தன் தலைவனை ஒருமுறை சுற்ற 11 மணி 55 நிமிடம் எடுத்தது. 73 செக்கன் மாறினாலே வெற்றியெனக் கொள்ளத் தீர்மானித்திருந்தனர். பின்னர் அளந்தபோது அது 11 மணி 23 நிமிடமாயிருந்தது. மோதலால் எதிர்த்திசையிற் சிதறிய கற்குவியல், கலத்தின் உந்தலைப் பன்மடங்காக்கிவிட்டது.

பாதை மாற்றம் எவ்வளவு சிறிதாயினும் போதும், காலம் மட்டும் இருந்தால். வரும் சிறுகோளின் வேகத்தைச் செக்கனுக்கு ஒரு சென்ரிமீற்றர் மாற்றுவதாகக் கொள்க; எறும்பின் நடை அவ்வளவே. பத்தாண்டுகளில் அந்த எறும்பு நடை நேர்க்கணக்கிலேயே 3,000 கிலோமீற்றரைத் தாண்டிவிடும். சுற்றுப்பாதையின் இயல்பால் அவ்விலகல் மேலும் பெருகி, பூமியின் ஆரையளவையும் மிஞ்சும். 18 நாட்களே இருந்தால் அதே தள்ளல் 16 கிலோமீற்றர் மட்டுமே. இதற்காகவே கிளார்க்கின் விண்காவலைத் தழுவிய தேடல் தொடர்கிறது. ஒரு கிலோமீற்றருக்கு மேற்பட்ட சிறுகோள்களில் நூற்றுக்குத் தொண்ணூறை 2011 ஆம் ஆண்டளவிற் கண்டு, பாதைகளைக் குறித்துவிட்டனர். நகரமொன்றை அழிக்கக்கூடிய சிறியவற்றிற் பாதிக்கு மேல் இன்னும் காணப்படவில்லை என மதிக்கின்றனர்.

டார்ட் விண்கலத்தில் ஒளிப்படக் கருவியொன்றும் இருந்தது. அது செக்கனுக்கு ஒரு படமாகப் பூமிக்கு அனுப்பிக்கொண்டே சென்றது. முதலில் ஒரு புள்ளி, பின் இரண்டு, பின் முட்டை வடிவிலொரு கல், பின் அதன் மேலுள்ள பாறைகள், ஒவ்வொன்றும் தனித்தனியே. இறுதிப் படத்தில் மேற்புறத்தில் ஒரு சிறு கீற்று மட்டுமே வந்து சேர்ந்தது. எஞ்சிய பகுதியை அனுப்பக் கலம் இருக்கவில்லை.